இண்டெக்ஸ் இருந்தும் எடுக்காத கதை: பத்திரிகை வைக்கிற கணக்கும் 1979-ம் வருஷத்து ஆராய்ச்சியும்



பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் படியுங்கள்.

என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகளில் பலர் இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் பிரிவிலும், கோவை, பெங்களூரு பக்கம் சாஃப்ட்வேர் வேலையிலும் இருக்கிறார்கள். அதில் மூன்று பேர் வெவ்வேறு சமயத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "சார், டேபிளுக்கு இண்டெக்ஸ் போட்டு வெச்சிருக்கறோமுங்க. ஆனா டேட்டாபேஸ் அதைத் தொடவே மாட்டேங்குது. முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் மொத்தத்தையும் படிக்குது. ஏனுங்க சார்?"

கணக்கு வாத்தியாருக்கு இது எப்படித் தெரியும் என்று சொந்தக்காரர்கள் கேட்கலாம். பேத்தி கல்லூரியில் கணினி படித்தபோது அவள் புத்தகங்களை நானும் சேர்ந்து படித்தேன். அதில் ஒரு தடிப்புத்தகத்தை எழுதிய மூவரில் ஒருவர் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் சுதர்சன். படிக்கப் படிக்க, இது முழுக்க முழுக்க நம்ம கணக்குப் பாடம் என்று புரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இண்டெக்ஸ் என்றால் என்ன என்பதிலிருந்து வருவோம்.

தமிழில் அந்தக் காலத்தில் சொல்லுக்குப் பொருள் தேட நிகண்டுகள் இருந்தன. திவாகரம், பிங்கலம், சூடாமணி எல்லாம் செய்யுளில் இருக்கும். தெய்வப் பெயர்கள் ஒரு தொகுதி, மக்கள் பெயர்கள் ஒரு தொகுதி, விலங்குகள் ஒரு தொகுதி என்று பொருள் வாரியாகப் பிரித்திருப்பார்கள். மனப்பாடம் செய்தவருக்கு அது பெரிய செல்வம். செய்யாதவர் ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால் ஏட்டை முதலிலிருந்து புரட்ட வேண்டும். 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தார். பெயர் அகராதி, பொருள் அகராதி, தொகை அகராதி, தொடை அகராதி என்று நான்கு பிரிவு. சொல்லைக் கொண்டு தேட ஒன்று, பொருளைக் கொண்டு சொல்லைத் தேட ஒன்று, தொகைப் பெயர்களுக்கு ஒன்று, செய்யுள் கட்டுகிறவர் எதுகைச் சொல் தேட ஒன்று. ஒரே மொழிக்கு நான்கு வழியில் தேடும் வசதி. இன்றைய பேச்சில் சொன்னால் ஒரே டேபிளுக்கு நான்கு இண்டெக்ஸ்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எதுகைக்குச் சொல் தேடுகிறவர் கையில் பெயர் அகராதியைக் கொடுத்தால் அவருக்கு அது பயன்படாது. அது முதல் எழுத்து வரிசையில் இருக்கிறது. அவருக்கு வேண்டியதோ இரண்டாம் எழுத்து. அகராதி நல்ல அகராதிதான், கேள்விதான் அதற்குப் பொருந்தாத கேள்வி. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது 1970-க்கு வருவோம். அதற்கு முன் பெரிய கம்பெனிகளின் தகவல் எல்லாம் கம்ப்யூட்டரில் கிளை கிளையாகவும் சங்கிலியாகவும் கோத்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு தகவலை எடுக்க வேண்டுமானால் எந்தக் கிளையில் ஏறி எந்தச் சங்கிலியைப் பிடித்து எங்கே இறங்குவது என்பதை புரோகிராமரே எழுத வேண்டும். எந்த இண்டெக்ஸைப் பயன்படுத்துவது என்பதும் அவர் பொறுப்பு. நாளைக்கு ஒரு இண்டெக்ஸை எடுத்துவிட்டால் அதை நம்பி எழுதிய புரோகிராம் எல்லாம் படுத்துவிடும்.

எட்கர் காட் என்ற ஆங்கிலேயர், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், ஐ.பி.எம். கம்பெனியின் கலிபோர்னியா ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். கணிதம் படித்தவர். 1970 ஜூனில் வந்த அவருடைய கட்டுரை, தகவலை எல்லாம் எளிய அட்டவணைகளாக வைக்கலாம் என்றது. அதே கட்டுரையில் இண்டெக்ஸைப் பற்றியும் ஒரு சிறு பகுதி உண்டு. இண்டெக்ஸ்கள் வரலாம், போகலாம், அதனால் புரோகிராம் கெடக்கூடாது என்பது அதன் சாரம். வேண்டியது என்ன என்பதை மனிதன் சொல்லட்டும், அதை எந்த வழியில் எடுப்பது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும்.

சொல்வது சுலபம். வழியை இயந்திரம் எப்படித் தேர்ந்தெடுக்கும்? பழகிய புரோகிராமர் அளவுக்கு இயந்திரத்துக்குப் புத்தி உண்டா என்று அன்றைக்குப் பலர் சந்தேகப்பட்டார்கள். அதைச் செய்து காட்ட ஐ.பி.எம். சான் ஹோசே கூடத்தில் சிஸ்டம் ஆர் என்ற திட்டம் நடந்தது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் எஸ்.க்யூ.எல். மொழி அங்கேதான் பிறந்தது. 1979-ல் பட்ரீஷியா செலிங்கர் என்ற அம்மையார் நான்கு சகாக்களுடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு கேள்விக்குப் பதில் எடுக்க இருக்கும் வழிகளை எல்லாம் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவாகும் என்று மதிப்புப் போட்டு, குறைந்த செலவுள்ள வழியைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. அந்த வேலையைச் செய்யும் பகுதிக்குத்தான் ஆப்டிமைசர் என்று பெயர். இன்றைய பெரிய டேட்டாபேஸ்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை.

அந்தச் செலவுக் கணக்கை நம்ம ஊர் வழக்கில் சொல்கிறேன்.

வீட்டில் கல்யாணம். 600 பத்திரிகை வைக்க வேண்டும். அலமாரியில் அ, ஆ, இ வரிசையில் எழுதிய விலாச நோட்டு இருக்கிறது. அதுதான் இண்டெக்ஸ். ஒரே ஒரு வீட்டுக்கு, தாய்மாமன் வீட்டுக்கு மட்டும் பத்திரிகை வைக்கப் போகிறீர்கள் என்றால் நோட்டைப் பார்த்து விலாசத்தை எடுத்து நேராகப் போய்விடலாம். ஊர் முழுக்கக் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

600 வீட்டுக்கும் நோட்டு வரிசைப்படியே போனால் என்ன ஆகும்? அங்கமுத்து முத்தூரில் இருப்பார். அடுத்த பெயர் அண்ணாதுரை மூலனூரில். அதற்கடுத்த அப்பாச்சி திரும்பவும் முத்தூரில், அங்கமுத்து வீட்டுக்கு எதிர்வீடு. வடக்கே போய், தெற்கே போய், மறுபடி வடக்கே. பெட்ரோல் செலவிலேயே கல்யாணச் செலவு பாதி போய்விடும். அதனால் யாரும் அப்படிப் போவதில்லை. முத்தூர் ஒரு நாள், காங்கயம் ஒரு நாள், மூலனூர் ஒரு நாள் என்று ஊர் ஊராக, வீதி வீதியாக வைத்து வருகிறோம். நோட்டு இருக்கிறது, ஆனால் அதன் வரிசையில் போவதில்லை. நம்மை யாரும் முட்டாள் என்று சொல்வதும் இல்லை.

டேட்டாபேஸ் செய்வதும் இதேதான். இனி எண்களைப் பார்ப்போம், கரும்பலகை இல்லாமல்.

ஒரு டேபிளில் 10 லட்சம் வரிகள் என்று வையுங்கள். டேட்டாபேஸ் வரி வரியாக டிஸ்கில் இருந்து எடுக்காது, பக்கம் பக்கமாக எடுக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒரு பக்கம் 8 கிலோபைட். ஒரு பக்கத்துக்கு 100 வரி என்றால் மொத்தம் 10,000 பக்கம். உங்கள் கேள்விக்கு 1 சதவீத வரிகள் பொருந்துகின்றன, அதாவது 10,000 வரிகள், டேபிள் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. நூற்றில் ஒன்றுதானே, இண்டெக்ஸ் இருந்தால் வேலை நூறில் ஒரு பங்காகக் குறைய வேண்டாமா என்று தோன்றும்.

குறையாது. ஒரு பக்கத்தில் நமக்கு வேண்டிய வரி ஒன்றுகூட இல்லாமல் இருக்க என்ன நிகழ்தகவு? பதினொன்றாம் வகுப்புக் கணக்கு: 0.99-ன் அடுக்கு 100. விடை ஏறத்தாழ 0.37. அப்படியானால் மீதி 63 சதவீதப் பக்கங்களில் குறைந்தது ஒரு வரியாவது இருக்கும். 10,000 பக்கத்தில் சுமார் 6,300 பக்கத்தைத் தொட்டே ஆக வேண்டும். வரியில் நூற்றில் ஒன்று, பக்கத்தில் நூற்றில் அறுபத்து மூன்று!

அதோடு, வரிசையாகப் படிப்பதும் தாவித் தாவிப் படிப்பதும் ஒரே செலவு அல்ல. போஸ்ட்கிரெஸில் நாம் எதையும் மாற்றாமல் விட்டால் வரிசையாகப் படிக்கும் பக்கத்துக்கு 1, தாவிப் படிக்கும் பக்கத்துக்கு 4 என்று செலவு வைக்கிறது. முழு டேபிளையும் படித்தால் 10,000. இண்டெக்ஸ் வழியே தாவிப் போனால், ஒரு பக்கத்தை ஒரு முறைதான் எடுக்கிறோம் என்று சலுகை கொடுத்தாலும், 6,300-ஐ 4-ஆல் பெருக்கி 25,200. ஆப்டிமைசர் இண்டெக்ஸை ஒதுக்கியது சரிதானே?

இதே டேபிளில் 100 வரி மட்டும் பொருந்துகிறது என்றால் கதை மாறும். அதிகம் போனால் 100 பக்கம், செலவு 400. அப்போது இண்டெக்ஸ்தான் ராஜா. இன்னொன்றும் உண்டு. பொருந்தும் 10,000 வரிகள் சிதறாமல் டிஸ்கில் ஒன்றாக அடுக்கியிருந்தால் 100 பக்கத்தில் வேலை முடியும். 600 பேரும் ஒரே வீதியில் குடியிருக்கிற மாதிரி. செலிங்கர் கட்டுரையிலேயே இந்த இரண்டு நிலைக்கும் தனித்தனி சூத்திரம் உண்டு. ஒன்றில் பக்கங்களின் எண்ணிக்கை வருகிறது, மற்றதில் வரிகளின் எண்ணிக்கை வருகிறது.

ஆரக்கிள் டேட்டாபேஸ் பல வருஷம் வேறு வழியில் போனது. செலவு மதிப்பிடாமல் வழிகளுக்கு 1 முதல் 15 வரை தரவரிசை போட்டு வைத்திருந்தார்கள். முழு டேபிளையும் படிப்பது கடைசி, 15-வது. இண்டெக்ஸ் இருந்தால் எடுத்தே தீரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே போட்ட கணக்குப்படி 25,200 செலவு வழியை அது மகிழ்ச்சியாகத் தேர்ந்தெடுக்கும். 1992-ல் வந்த ஆரக்கிள் 7-ல் செலவுக் கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். பிற்பாடு பழைய முறைக்கு ஆதரவையே நிறுத்திவிட்டார்கள்.

இந்தக் கதையில் நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இருக்கிறார், சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்து 1977-ல் வெளியே வந்தவர். டெக்சாஸில் முனைவர் பட்டம் பெற்று 1981-ல் ஐ.பி.எம். சான் ஹோசே கூடத்தில் சேர்ந்தார். டேட்டாபேஸ் பாதியில் நின்றுபோனால் கணக்கு வழக்கு கெடாமல் மீட்கும் ஏரிஸ் முறைக்காக உலகம் அவரை அறியும். 1997-ல் ஐ.பி.எம். ஃபெலோ ஆனார். 1990-ல் அவரும் மூன்று சகாக்களும் எழுதிய ஒரு கட்டுரை நம்ம விஷயத்துக்கு நேராக வருகிறது. ஒரு டேபிளைப் படிக்கப் பல இண்டெக்ஸ்களைச் சேர்த்துப் பயன்படுத்துவது எப்படி என்பது அது.

பத்திரிகைக் கணக்கில் சொன்னால் இப்படி. நோட்டைப் பார்த்ததும் வண்டியை எடுக்காதீர்கள். முதலில் வேண்டிய விலாசங்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அதை ஊர் வாரியாக அடுக்குங்கள். பிறகு கிளம்புங்கள். ஒரு வீதிக்கு இரண்டாம் முறை போக வேண்டியிருக்காது. இன்னொரு நோட்டும் இருந்தால் இரண்டு தாளையும் ஒப்பிட்டு, இரண்டிலும் இருக்கிற விலாசத்துக்கு மட்டும் போகலாம். எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. தாளில் எழுதிக்கொண்டே வரும்போது, நாம் நினைத்ததைவிட விலாசங்கள் எக்கச்சக்கமாக வருகின்றன என்று தெரிந்தால், வேலை நடக்கும்போதே அந்த இண்டெக்ஸைக் கைவிடலாம் என்கிறது அந்த முறை. திட்டம் போட்டபோது வைத்த அனுமானம் தப்பானால், நடுவழியில் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் புத்தி. இதில் ஒரு பகுதியை ஐ.பி.எம்.மின் டி.பி.2 டேட்டாபேஸில் அப்போதே சேர்த்தார்கள்.

இதுவரை சொன்னது ஆப்டிமைசர் "வேண்டாம்" என்று இண்டெக்ஸை ஒதுக்கும் கதை. "முடியாது" என்று ஒதுக்கும் கதை வேறு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இந்த வித்தியாசம் தெரியாததால் ஒரு பையன் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அவன் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. பீஸ் ரேட் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. சுமார் 700 பேர். புது சம்பள புரோகிராம் போட்ட முதல் சனிக்கிழமை, ஒவ்வொரு சம்பளச் சீட்டும் வர நாலைந்து விநாடி எடுத்தது. 700 சீட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். நடுவில் இரண்டு முறை நிறுத்தி மறுபடி ஆரம்பித்ததில் இரவு ஒன்பது தாண்டிவிட்டது. ஓவர்லாக், பேட்லாக் மிஷினில் காலையிலிருந்து உட்கார்ந்த பெண்கள் கூலி கைக்கு வராமல், கடைசி பஸ் போய்விடும் என்று கேட்டருகே நின்றார்கள். முத்தூர், வெள்ளகோவில் பக்கம் வர வேண்டியவர்களும் அதில் உண்டு. முதலாளி இந்தப் பையனைப் பிடித்துக்கொண்டார். "திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணு, இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அவன் இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பார்த்தான். தொழிலாளி எண்ணுக்கு இண்டெக்ஸ் இருந்தது. அதைத்தான் எடுக்க வேண்டும் என்று மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்குக் கட்டாயக் கட்டளையும் கொடுத்தான். அப்போதும் எடுக்கவில்லை. ஞாயிறு காலையில் எனக்குப் போன் செய்தான். "உன் டேபிளில் தொழிலாளி எண் எண்ணாக இருக்குதா, எழுத்தாக இருக்குதா?" என்று கேட்டேன். "எழுத்துங்க சார். 0457 மாதிரி முன்னால சைபர் வருது, அதனால எழுத்தா வெச்சிருக்காங்க." புது புரோகிராமோ 457 என்று எண்ணாக அனுப்பிக்கொண்டிருந்தது.

விஷயம் அங்கேதான். எழுத்தை எண்ணோடு ஒப்பிடச் சொன்னால், 457, 0457, 00457 மூன்றுமே மதிப்பில் 457-தான். எழுத்து வரிசையில் அடுக்கிய இண்டெக்ஸில் இந்த மூன்றும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். எங்கே தேடுவது என்று இண்டெக்ஸால் சொல்ல முடியாது. ஒவ்வொரு வரியாக எடுத்து, எண்ணாக மாற்றி, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். எதுகை தேடுகிறவரிடம் பெயர் அகராதியைக் கொடுத்த கதை. கட்டாயப்படுத்தினாலும் அது முடியாத வேலை. எண்ணை முன் சைபரோடு, மேற்கோள் குறிக்குள், எழுத்தாக அனுப்பும்படி புரோகிராமில் ஒரே இடத்தில் மாற்றினான். அடுத்த சனிக்கிழமை ஆறரை மணிக்குப் பட்டுவாடா முடிந்தது. பையன் இன்னும் அங்கேதான் வேலையில் இருக்கிறான்.

"முடியாது" வகையில் இன்னும் சில உண்டு. பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் கொடுத்துத் தேடுவது. தேதிக்கு இண்டெக்ஸ் இருக்க, தேதியிலிருந்து வருஷத்தைப் பிரித்தெடுத்து ஒப்பிடுவது. ஊர், வீதி என்ற வரிசையில் இண்டெக்ஸ் போட்டுவிட்டு வீதியை மட்டும் கொடுப்பது. எல்லாவற்றிலும் கோளாறு கேள்வியில் இருக்கிறது, கேள்வியைத் திருத்தினால் சரியாகிவிடும்.

"வேண்டாம்" வகையில் கோளாறு இருந்தால், அது பெரும்பாலும் புள்ளிவிவரத்தில் இருக்கும். எத்தனை வரி பொருந்தும் என்று ஆப்டிமைசர் எண்ணிப் பார்ப்பதில்லை, மதிப்பிடுகிறது. 1979-ல் விவரம் எதுவும் இல்லாவிட்டால், சமன்பாட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு பொருந்தும் என்று வைத்துக்கொண்டார்கள். விவரம் இருந்தாலும் எல்லா மதிப்பும் சம அளவில் இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள். 50 ஊர் இருந்தால் ஊருக்கு 2 சதவீதம். நிஜத்தில் திருப்பூர் பாதிக்கு மேல் இருக்கும், ஏதோ ஒரு சிற்றூர் நான்கே வரி இருக்கும். அந்த நான்கு வரிக்கும் முழு டேபிளைப் படித்தால் அநியாயம்தானே? அதனால் பின்னால் வந்தவர்கள், அடிக்கடி வரும் மதிப்புகளைத் தனியாகக் குறித்து வைத்தார்கள். மற்றவற்றுக்குப் பரவல் படம் போட்டு வைத்தார்கள்.

அந்தக் குறிப்பையும் புதுப்பிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தானாகவே புதுப்பிக்கும். ஆனால் எதையும் மாற்றாமல் விட்டால், ஏறக்குறைய 10 சதவீத வரிகள் மாறிய பிறகுதான் செய்யும். 1 கோடி வரி டேபிளில் அது 10 லட்சம் வரி. பெரிய அளவில் தகவல் ஏற்றிய அன்றைக்கு அதற்காகக் காத்திருக்காமல் நாமே புதுப்பிக்கச் சொல்லிவிடுவது நல்லது. 1-க்கு 4 என்ற செலவு விகிதமும் சுழலும் டிஸ்க் காலத்துக் கணக்கு. எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்கள் பலர் அந்த 4-ஐ 1.1 வரை குறைத்து வைக்கிறார்கள். அப்போது இண்டெக்ஸுக்குத் தானாகவே மவுசு கூடும்.

இதில் இன்னும் முடியாத ஆராய்ச்சியும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருக்கும் ஜயந்த் ஹரித்சாவும் அவர் மாணவர்களும், ஆப்டிமைசர் எந்த இடத்தில் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை வண்ணப் படமாக வரைந்து காட்ட ஒரு கருவி செய்தார்கள். படங்கள் நவீன ஓவியம் போல் இருந்ததால் அதற்கு பிக்காசோ என்றே பெயர் வைத்தார்கள். 2014-ல் அவர்கள் வேறு ஒரு வழியும் சொன்னார்கள். மதிப்பீடு தப்பாகும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, ஒரே திட்டத்தை நம்பாமல் சில திட்டங்களைக் கையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செலவு வரம்பு கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று.

ஆகவே கண்ணுகளா, அடுத்த முறை இண்டெக்ஸை எடுக்கவில்லை என்றால் இயந்திரத்தைத் திட்டுவதற்கு முன் எக்ஸ்பிளெய்ன் கட்டளை போட்டுப் பாருங்கள். அது என்ன வழியில் போகிறது, எத்தனை வரி வரும் என்று நினைக்கிறது என்று காட்டும். நிஜ எண்ணிக்கையை அதன் பக்கத்தில் வையுங்கள். முதலில் முடியாததா, வேண்டாததா என்று பிரியுங்கள். முடியாதது என்றால் கேள்வியைத் திருத்துங்கள். வேண்டாதது என்றால் இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் அநேகமாக அது சொல்வதுதான் சரி. ஒத்துப்போகாவிட்டால் புள்ளிவிவரத்தைப் புதுப்பியுங்கள். கட்டாயக் கட்டளையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சரியாக இருப்பது, டேபிள் பத்து மடங்கு ஆனபின் தப்பாகிவிடும். அன்றைக்கு அந்தக் கட்டளையை எழுதியவர் அந்தக் கம்பெனியில் இருக்கமாட்டார்.

பனியன் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் பார்க்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. புது புரோகிராமை சனிக்கிழமை முதல்முறையாக ஓட்டாதீர்கள். புதன்கிழமையே முழுத் தகவலோடு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். உங்கள் திரையில் ஓடும் அந்த நாலு விநாடி, கேட்டில் நிற்கிற ஒரு அம்மாவுக்குக் கடைசி பஸ்.

இதில் வேலை பார்க்கிறவர்கள் உங்களுக்கு நடந்ததைக் கீழே எழுதுங்கள். "முடியாது" வகையா, "வேண்டாம்" வகையா என்று சேர்த்துச் சொல்லுங்கள். மார்க் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
வெள்ளகோவில்.